சுவருக்கு ஸ்டெதஸ்கோப் வைத்தவர்கள்

இந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் குடியிருப்பில் இதுவரை ஒருவர்கூடச் செத்ததில்லை. குடியிருப்பு நலக்குழுவின் தலைவர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற தகப்பன் தோற்றுப்போவான். "செத்தவங்க எல்லாருமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் செத்தாங்க. குடியிருப்புக்குள்ள ஒருத்தர் கிடையாது. எங்க ரெக்கார்டு அவ்வளவு சுத்தம்" என்பார். வீடு கேட்டு வரும் புது டாக்டர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? இந்த ஊரில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு எதற்கும் தலையாட்டுகிற பக்குவம் தானாக வந்துவிடும்.

நம் அக்காவும் ஆட்டினாள்.

அக்கா என்றால் எனக்கோ உங்களுக்கோ அக்கா இல்லை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு, அதனால் அக்கா. அப்பா அம்மா இல்லை, சொந்த ஊரில் வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரு கூரையும் இல்லை. அக்கா முட்டி மோதி டாக்டருக்குப் படித்து, இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ரெசிடென்ட் ஆகச் சேர்ந்தாள். ரெசிடென்ட் என்றால், மேற்படிப்புப் படிக்கிற சாக்கில் ஆஸ்பத்திரி வேலை அத்தனையையும் செய்கிற டாக்டர். பாதியில் விட்டால் பட்டம் கிடையாது, திரும்பச் சேரவும் முடியாது. தங்கை கூடவே வந்தாள். யாரோ பேசிய பேச்சுகளை ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு, இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கேட்டால் அற்பம். தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் வீட்டுக்காரம்மா டாக்டர் என்றதும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"சொல்ல முடியாதுங்க. சில சமயம் காலைல போனா மறுநாள் சாயங்காலம்தான்."

"ராத்திரி வெளிய தங்குற பொண்ணுக்கு நாங்க வீடு குடுக்கறதில்லம்மா."

"டூட்டிங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

இரண்டாவது வீட்டுக்காரர் தன் முட்டியைக் காட்டினார். மாமியாரை எழுப்பி உட்காரவைத்து அவர் இருமலைக் காட்டினார். மச்சானின் முதுகில் இருந்த தேமலைக் காட்டினார். வீட்டை மட்டும் காட்டவில்லை, அது போன வாரமே போய்விட்டதாம். மூன்றாவது இடத்தில் வாடகை கட்டுப்படியானது. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாளைத் தேடினாள் தங்கை, ஆணி பிடுங்கிய ஓட்டைகள்தான் இருந்தன. "உள்ள தாழ்ப்பாள் எதுக்குங்க? நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதானே" என்றார் வீட்டுக்காரர். அவர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று இருவருக்கும் தெரியவில்லை. தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள், தெருமுனை வரும்வரை அந்தக் கையை விடவே இல்லை.

அப்புறம்தான் குடியிருப்பு நலக்குழு.

குழுவுக்கு வழிகாட்டியவர் அக்காவின் சீனியர். அவரை எல்லோரும் கொட்டாவி என்று கூப்பிடுவார்கள், காரணம் அவர் வாயைப் பார்த்தாலே விளங்கும். குடியிருப்பில் இருந்த மனிதர், இப்போது எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு பழைய ஸ்ட்ரெச்சரில் தூங்குகிறார்.

"ஏன் சார் குவார்ட்டர்ஸை விட்டீங்க?"

"சொந்தக் காரணம்."

"என்ன காரணம்?"

"உயிரோட இருக்கலாம்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டார். அக்கா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். பாவம், சிரிக்கிற வயசு.

நலக்குழுவில் எல்லோரும் பெரிய டாக்டர்கள். வீடு, சுவர், சாக்கடை, கம்பி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே வேலையை வைத்துக் குழுவை நடத்தினார்கள். நோயாளியை விசாரிப்பது போலவே அக்காவை விசாரித்தார்கள்.

"வீடு இல்லாம எத்தனை நாளா இருக்கு?" என்றார் தலைவர்.

"வந்ததுல இருந்தே சார்."

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?"

"சின்ன வயசுல ஒரு தடவை."

"குடும்பத்துல வேற யாருக்காவது வீடு இல்லாம இருந்திருக்கா?"

"தங்கச்சிக்கும் இல்ல சார்."

குழுவினர் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். "பரம்பரை" என்று செயலாளர் மெல்லச் சொல்ல, தலைவர் வருத்தமாகத் தலையை அசைத்தார். பிறகு பெரிய மனது பண்ணி ஓர் அறையை ஒதுக்கினார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு நேர் மேலே, முதல் மாடி. துணிகளை அவிக்கும் பாய்லர் அடியிலேயே இருப்பதால் அறை எப்போதும் கதகதப்பாக இருக்கும் என்றும், அதற்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை என்றும் செயலாளர் சொன்னார்.

அறை, சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. மேஜை இருந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. தங்கை அதைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். "அக்கா, சத்தத்தைக் கேளேன்" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் காலை நீட்டினாள். ஜன்னலை மட்டும் திறக்க முடியவில்லை. புறாக்கள் வந்தால் நோய் வருமென்று தொற்றுத்தடுப்புக் குழு ஆணியடித்து மூடிவிட்டது. குளியலறைச் சுவர் தொட்டால் சுட்டது. பாய்லரின் புகைபோக்கி அந்தச் சுவருக்குள்ளேதான் மேலே போகிறது.

முதல் வாரமே தங்கைக்குத் தலைவலி. அப்புறம் வாந்தி. ஒருநாள் அக்கா டூட்டி முடிந்து வந்தபோது அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, ஹெட்போனில் யாரோ பேசிக்கொண்டிருப்பது கேட்காமல் கிடந்தாள். முகம் மட்டும் நல்ல சிவப்பு. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் நூற்றுக்கு நூறு காட்டியது. அக்கா பதறியடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள், வார்டில் சேர்த்தாள்.

வார்டில் அரை நாள் படுத்தாள், சரியாகிவிட்டது. நரம்பு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார், அதனால் சரியாகிவிட்டது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுக்குப் போனாள், மறுபடி விழுந்தாள். இந்த முறை கண் டாக்டரின் சொட்டு மருந்தில் சரியானது. அடுத்த முறை மனநல டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியே சரிசெய்தார். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள், ஆனாலும் அவர் பேசினார், அவளும் தேறினாள். மூன்று துறைக்கும் அப்போது வந்த சண்டை இருக்கிறதே, சொல்லி மாளாது. இந்தப் பெண்ணைக் குணமாக்கியது யார் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஒவ்வொருவரும் தன் முறையை விளக்கினார்கள், கைதட்டினார்கள், தேநீர் குடித்தார்கள். குணமானவள் அதற்குள் நாலாவது முறை விழுந்திருந்தாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ரூமுக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சு" என்றாள் தங்கை.

அக்காவுக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை பரீட்சையில் எழுதியிருக்கிறாள் இதை! எரியும் இடத்தில் புகைபோக்கி ஒழுகினால் வாசனையே இல்லாத ஒரு விஷவாயு வரும், ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், விரல் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வெளிக்காற்றில் படுத்தால் போய்விடும், மாத்திரை எதுவானாலும் குணம்தான். அக்காவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. மற்றவர்கள் மேல் கொஞ்சம், தன் மேல்தான் அதிகம்.

ரத்தப் பரிசோதனை செய்து நிரூபிக்கலாம் என்று போனாள். அறையில் வைத்தே ரத்தம் எடுக்க வேண்டும். ஆனால் குடியிருப்பு சிகிச்சைப் பகுதி இல்லை, அங்கே ஊசி போடக் கூடாது. நோயாளியை ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்குக் கூட்டிவந்து, வரிசையில் உட்காரவைத்து, முறைப்படி எடுக்கலாம். வரிசை நகர்வதற்குள் விஷம் போய்விடுகிறது, ரிப்போர்ட் சுத்தமாக வருகிறது. ஜன்னல் ஆணிகளை இடுக்கியால் பிடுங்கினாள். மறுநாளே தொற்றுத்தடுப்புக் குழு வந்து இரும்புத் தகடு அறைந்துவிட்டுப் போனது. கதவைத் திறந்துவைத்தாள். காவலாளி வந்து நின்றார். "வயசுப் பொண்ணு தனியா இருக்குது, கதவைத் திறந்து போட்டிருக்கீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லி, தானே இழுத்துச் சாத்தினார்.

கடைசியில் நலக்குழு அறையைப் பார்வையிட வந்தது. பெரியவர்கள் வருகிறார்கள், சத்தம் கேட்கக் கூடாது என்று காலையிலேயே பாய்லரை அணைத்துவிட்டார்கள். தலைவர் உள்ளே வந்தார், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், "அருமை" என்றார். பிறகு கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் குளியலறைச் சுவரில் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சுவரின் மேலே, கீழே, இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டார்.

"மூச்சு ரெண்டு பக்கமும் சீரா இருக்கு" என்றார்.

செயலாளர் சுவரைத் தொட்டுப் பார்த்து, "லேசா சூடு இருக்கு சார்" என்றார்.

"இந்த வயசுக் கட்டடத்துக்கு அது இருக்கத்தான் செய்யும். பயப்பட ஒண்ணும் இல்ல. நிலைமை சீரா இருக்கு, ஆறு வாரம் கழிச்சுப் பாப்போம்."

"சார்" என்றாள் அக்கா. "பாய்லர் புகை சார். சுவர்ல விரிசல் இருக்கு. கார்பன் மோனாக்சைடு. என் தங்கச்சி செத்துருவா சார்."

தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"நீங்க எந்த வருஷம்மா?"

"முதல் வருஷம் சார்."

"அதான். பாருங்க, எங்க காலத்துல இதே ரூம்ல நாங்க நாலு பேரு இருந்தோம். நாலு பேருக்கும் தலைவலி. ஒருத்தனாவது வாய் திறந்திருப்போமா? தலைவலியோடவேதான் படிச்சோம். அதுல ரெண்டு பேரு இன்னிக்கு எங்கயோ போயிட்டாங்க."

"வெளிநாட்டுக்கா சார்?"

"இல்லம்மா. போயிட்டாங்க" என்றார் தலைவர் பெருமை குறையாமல். "ஆனா குடியிருப்புல இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அப்புறம்தான். இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். நாம படிச்சவங்க. ஆதாரம் இல்லாம பேசக் கூடாது. ஒருத்தருக்கு வந்தா அது அவங்க உடம்பு. பத்துப் பேருக்கு வந்தாதான் அது ரூம்."

"மீதி ஒன்பது பேருக்கு எங்க சார் போறது?"

"அதுக்குத்தானேம்மா ஒதுக்கிக்கிட்டே இருக்கோம்."

அவர் மிரட்டவில்லை, கேலியும் பண்ணவில்லை. மனசாரச் சொன்னார். படியிறங்கும்போது கைப்பிடியில் தூசி இருப்பதைப் பார்த்து முகம் சுளித்து, இங்கே குடியிருப்பவர்களின் உடல்நலம் என்னாவது என்று செயலாளரைக் கடிந்துகொண்டார். அவர்கள் போனதும் அடியில் பாய்லரை மூட்டும் சத்தம் கேட்டது. அக்கா தங்கையின் துணிமணியை அள்ளி ஒரு பையில் திணித்தாள்.

கொட்டாவியிடம்தான் போய் நின்றாள். "சார், உங்க பக்கத்துல இன்னொரு ஸ்ட்ரெச்சர் போட்டா..."

"உங்களுக்குப் போடலாம். தங்கச்சி ஸ்டாஃப் இல்லையே, வெளிய தள்ளிருவாங்க." அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு யோசித்தார். "இந்த ஊர்லயே காத்தோட்டமா, காவலோட, வாடகை இல்லாம ஒரே ஒரு இடம்தான் இருக்கு டாக்டரம்மா. வார்டு. பெட்டு இருக்கு, சாப்பாடு இருக்கு, மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து உயிரோட இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போவாங்க. எந்த வீட்டுக்காரன் பாப்பான்? ஒண்ணே ஒண்ணுதான், பெட்டுல இருக்கணும்னா ஒரு நோய் இருக்கணும்."

அப்படித்தான் தங்கை வார்டில் குடியேறினாள். ஜன்னலோரக் கட்டில். 'காரணம் தெரியாத மயக்கம், கண்காணிப்பில்' என்று அக்கா எழுதினாள். தங்கை தலையணையைச் சாய்த்துவைத்து மடியில் கணினியோடு டைப் அடித்தாள். ஒரு வாரத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. எதிர்க்கட்டில் அம்மாவோடு வாயடித்தாள், நர்ஸுக்குப் பின்னல் போட்டுவிட்டாள். அக்கா ரவுண்ட்ஸ் வரும் ஒவ்வொரு முறையும் அவள் மூச்சுவிடுவதை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். எக்ஸ்ரே அறை வாசல் ஸ்ட்ரெச்சரில் படுத்துத் தன் முதுகு ஒடிந்தாலும் அந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது.

நன்றாக இருப்பவர்களை ஆஸ்பத்திரி எத்தனை நாள் பொறுக்கும்?

"இந்தப் பேஷன்ட் ஏன் சிரிக்குது?" என்று கேட்டார் பெரிய சர்ஜன். அவர் இரண்டு வார்டு தள்ளி இருப்பவர், ஆப்பரேஷன் பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்ததால் இந்தப் பக்கம் உலாவ வந்தார்.

"நல்லா இருக்கா சார்" என்றாள் அக்கா.

"காரணம் தெரியாம வந்து, காரணம் தெரியாம நல்லாயிருக்கு. எனக்கு இது சரியாப் படல."

ஸ்கேன் எடுத்தார்கள். யாரை எடுத்தாலும் ஸ்கேனில் ஏதாவது ஒன்று தெரியாமல் இருக்குமா? கல்லீரல் ஓரமாக ஒரு சின்ன நிழல் தெரிந்தது.

"என்ன சார் அது?"

"தெரியல."

"தலைவலிக்கும் வயித்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"பாத்தீங்களா, உங்களுக்கும் தெரியல. அதான் திறந்து பாத்துடலாம்னு சொல்றேன்" என்றார் சர்ஜன். பிறகு தாராளமாக, "நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். வேணாம்னா நாளைக்கே டிஸ்சார்ஜ். உங்களுக்கென்ன, குடியிருப்புல ரூம் இருக்கே. எத்தனை பேரு அது கிடைக்காம தவிக்கிறாங்க தெரியுமா?" என்றார்.

அன்றைக்கு அக்கா லீவு சொல்லிவிட்டு மறுபடி ஊரைச் சுற்றினாள். வாடகை கேட்டே திரும்பிய வீடுகள், டூட்டி கேட்டுக் கதவைச் சாத்திய வீடுகள். வெட்கத்தை விட்டு, அந்தத் தாழ்ப்பாள் இல்லாத அறைக்கும் போனாள். அதிலும் ஆள் வந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை, இவள் தங்கை வயசுதான், கதவைத் தன் முதுகால் முட்டுக்கொடுத்துச் சாத்தியபடியே இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள்.

திரும்பி வார்டுக்கு வந்தால் தங்கையின் பக்கத்துக் கட்டிலில் ஒரு புது ரெசிடென்ட் படுத்திருந்தான். முகம் சிவந்திருந்தது. குடியிருப்பில் இவர்கள் அறைக்கு அடுத்த அறை. தலைவர் நேரிலேயே பார்க்க வந்து, அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நீங்க சொன்னதுல விஷயம் இருக்கும் போலம்மா. ரெண்டாவது ஆள் கிடைச்சாச்சு. இன்னும் எட்டுப் பேருதான். நம்பிக்கையை விட்டுடாதீங்க."

ஆப்பரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குவது டூட்டி ரெசிடென்டின் வேலை. மறுநாள் காலை டூட்டியில் இருந்தவள் அக்காதான். பேனாவும் தாளுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். விவரம் சொல்ல வேண்டும், எங்கே கீறுவார்கள், என்னென்ன ஆகலாம், எல்லாம் நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்டி" என்றாள். "கத்தியெல்லாம் வேணாம். உனக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கற உடம்பைக் கிழிக்கப் போறாங்க. எழுந்திரு, போயிடலாம்."

"எங்க?"

ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. அதை இழுத்துவிட்டபடி தங்கை பொறுமையாகக் காத்திருந்தாள். அக்காவிடமிருந்து பதில் வராது என்று தெரிந்ததும் அவள் கைமேல் தன் கையை வைத்தாள்.

"அக்கா, ஆப்பரேஷன் முடிஞ்சா எத்தனை நாள் பெட்டுல வச்சிருப்பாங்க?"

"தையல் பிரிக்கற வரைக்கும்." டாக்டர் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. "ஒரு பத்து நாள். உள்ள சீழ் கீழ் பிடிச்சுக்கிட்டா ஒரு மாசம்கூட ஆகும்."

தங்கை அக்காவின் மடியிலிருந்த தாளை எடுத்துப் பிரித்து, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"சீழ் பிடிக்குமா அக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள்.